கைப்பிள்ளையாக வந்தவர் அந்நியரா?

தாயின் இடுப்பில் அமர்ந்து கப்பலேறி வந்த குழந்தையிடம், "உனக்கு இந்த நாட்டுக்கு வரச் சம்மதமா?" என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து, பால் வெட்டி, தலை நரைத்த பிறகு, "உன் பெர்மிட் எங்கே?" என்று கேட்டார்கள். இது என்ன நியாயம்?

இது நம் குடும்பங்களின் கதை. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1968-ம் ஆண்டில் சட்டம் வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது கடுமையாக அமலாயிற்று. ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டை விட்டுச் சென்றனர். தோட்டங்களுக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938-லேயே தடுத்துவிட்டது. ஆகவே, அதற்கு முன் கைப்பிள்ளையாக வந்தவர் 1969-ல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் வாழ்ந்தவர். அவரை எந்த ஊருக்குப் போகச் சொன்னார்கள்?

சிவப்பு அடையாளக் கார்டுடன் இங்கேயே தங்கியவர்களில், அறுபது வயதைக் கடந்த 3,407 இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது 2018-ல்தான். உழைக்கும் வயதெல்லாம் கழிந்த பின் வந்த அறிவிப்பு அது!

இன்று சபா செம்பனைத் தோட்டங்களைப் பாருங்கள். அந்நியத் தொழிலாளர் குடும்பத்தை அழைத்து வர பெர்மிட் விதி இடங்கொடுப்பதில்லை. எனவே இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் பத்திரமின்றி வளர்ந்து, பத்திரமின்றியே வேலையில் இறங்குகிறார்கள்.

"அவர்களால்தான் நம் கூலி குறைகிறது" என்று நம்மில் சிலர் சொல்கிறோம். கிராணி மேசையில் இருக்கும் நமக்குத் தெரியும்: செக்ரோலில் பெயரில்லாதவனுக்குச் சேமநிதி இல்லை, கூலி குறைந்தாலும் கேட்க வாயில்லை. கேட்டால் பிடித்துக்கொண்டு போவார்களே என்ற பயம்! கூலியைக் குறைப்பது அந்தப் பயம்தான். பத்திரம் கிடைத்தால் அவனும் நம்முடன் நின்று சரியான கூலி கேட்பான்.

அமெரிக்காவில் 2012-ல், பதினாறு வயதுக்கு முன் கொண்டுவரப்பட்ட இளைஞருக்கு வேலை அனுமதி தர ஒரு திட்டம் வந்தது. ஆனால் இரண்டாண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். சட்டசபை இயற்றிய சட்டமாக இல்லாததால் அது வழக்குகளிலும் சிக்கியது.

நாம் கேட்பது நிலையான சட்டம். குழந்தையாக வந்தவருக்கும் இங்கே வளர்ந்தவருக்கும் எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் உரிமை வேண்டும். புகார் செய்தால் நாடு கடத்தப்படாத பாதுகாப்பு வேண்டும். அன்று நம் பாட்டன்மாருக்காகக் குரல் கொடுக்க ஆள் போதவில்லை. இன்று இந்தப் பிள்ளைகளுக்காக நாம் வாய் திறப்போம்!