காசு போனால் கணக்கு யார் மேல்?

1969 ஜூன் மாதம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ரோடு வேலை. காண்ட்ராக்டரின் ஆட்கள் தோண்டியபோது பூமிக்கடியில் போன மின்சாரக் கேபிள் அறுந்துவிட்டது. கால் மைல் தள்ளி ஸ்பார்ட்டன் ஸ்டீல் என்ற எஃகு ஆலை. அங்கே பதினாலரை மணி நேரம் கரண்ட் இல்லை. உலையில் உருகிக்கொண்டிருந்த உலோகம் கெட்டுப்போனதில் நஷ்டம் 368 பவுண்டு. அது ஒழுங்காக உருகியிருந்தால் கிடைத்திருக்கும் லாபம் 400 பவுண்டு. அந்த நேரத்தில் இன்னும் நாலு தடவை உலை போட்டிருக்கலாம், அந்த லாபம் 1,767 பவுண்டு.

1972ல் அப்பீல் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது கிடையாது! ஒரே கேபிள், ஒரே அலட்சியம். ஆனால் பொருள் கெட்டு அதனால் போன காசு வேறு, எதுவும் கெடாமல் சும்மா போன காசு வேறு. லார்ட் டென்னிங் இருந்த அந்த பெஞ்சிலேயே ஒரு நீதிபதி இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பது தனிக்கதை.

இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு பயம். ஒரு கேபிள் அறுந்தால் ஊரில் உள்ள கடைக்காரர் எல்லாரும் கேஸ் போட வந்துவிட்டால் என்ன ஆவது? நியாயமான பயம்தான். ஆனால் ஒரு கட்டட வேலையில் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை. உரிமையாளர், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், மெயின் காண்ட்ராக்டர், சப் காண்ட்ராக்டர்... யார் அலட்சியமாக இருந்தால் யார் பணம் போகும் என்பது முதல் நாளிலேயே தெரியும். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதனால் கட்டட வழக்குகளில் கோர்ட்டுகள் வேறு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்கின்றன: "எல்லாரும் ஒப்பந்தம் போட்டுத்தானே வந்தீர்கள்? யாரோடு கையெழுத்துப் போட்டாயோ அவரைப் போய்க் கேள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

உண்மையான பாதிக்கு நல்ல உதாரணம் சிங்கப்பூரின் ஸ்பாண்டெக் வழக்கு (2007). ராணுவ முகாம் ஒன்றில் மருத்துவக் கட்டடம் கட்டும் வேலை. உரிமையாளர் அரசாங்கம், காண்ட்ராக்டர் ஸ்பாண்டெக். வேலையை மேற்பார்வை பார்த்து, எவ்வளவு முடிந்திருக்கிறது என்று மதிப்புப் போட்டு, பணத்துக்குச் சான்று தருவது டி.எஸ்.டி.ஏ. என்ற அரசு நிறுவனம். இந்தச் சான்றில் எழுதிய தொகைதான் காண்ட்ராக்டர் கைக்கு வரும். வேலையைக் குறைத்து மதிப்பிட்டு, குறைத்துச் சான்று கொடுத்து நஷ்டப்படுத்திவிட்டார்கள் என்பது ஸ்பாண்டெக்கின் புகார். அவர்களுக்கும் டி.எஸ்.டி.ஏ.வுக்கும் நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆகவே அலட்சியம் என்று வழக்கு.

தோற்றார்கள். தலைமை நீதிபதி சான் செக் கியோங் எழுதிய அந்தத் தீர்ப்பைத்தான் சிங்கப்பூரில் சட்டம் படிக்கும் எல்லோரும் இன்றைக்கும் உருப்போடுகிறார்கள். நஷ்டம் வரும் என்று முன்கூட்டியே தெரியக்கூடியதா? இரண்டு தரப்புக்கும் போதுமான நெருக்கம் இருக்கிறதா? பொதுநலக் காரணம் ஏதாவது குறுக்கே நிற்கிறதா? ஸ்பாண்டெக் விழுந்தது நெருக்கத்தில். சான்றில் தகராறு என்றால் அரசாங்கத்தோடு ஆர்பிட்ரேஷனுக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கதவு திறந்திருக்கும்போது ஜன்னல் வழியாக ஏன் குதிக்க வேண்டும்?

இந்த முடிவு சரி. எதிரே நின்ற உரிமையாளர் ஓர் அரசாங்கம், திவாலாகி ஓடப்போவதில்லை. வழியும் இருந்தது, வழியின் கடைசியில் பணமும் இருந்தது.

இனி கனடா. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ரோடு போட டெண்டர் விட்டது. வரைபடங்களை என்.டி.லீ என்ற இன்ஜினியரிங் நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. எட்ஜ்வொர்த் என்ற காண்ட்ராக்டர் அதை நம்பி விலை போட்டு வேலையை எடுத்தார். வரைபடம் தப்பு, அதனால்தான் நஷ்டம் என்பது அவர் வாதம். மாகாணத்தோடு போட்ட ஒப்பந்தத்திலோ, டெண்டர் தகவல்களுக்கு அரசு உத்தரவாதம் தராது என்று ஒரு ஷரத்து. கீழ்க்கோர்ட்டுகள் வழக்கம்போல "உன் ஒப்பந்தம், உன் பாடு" என்று அனுப்பிவிட்டன.

1993ல் சுப்ரீம் கோர்ட் அதைத் திருப்பிப் போட்டது. இன்ஜினியரிங் நிறுவனத்தின் மேல் வழக்கு நடத்தலாம் என்றது (தனித்தனி இன்ஜினியர்கள் மேல் கூடாது). அந்த ஷரத்து அரசைக் காப்பாற்றும், இன்ஜினியரை அல்ல. வேண்டுமானால் அவர்களே வரைபடத்தில் "நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதியிருக்கலாமே! இதைவிட முக்கியமான விஷயம் காலக்கணக்கு. இன்ஜினியர்களுக்கு வரைபடம் போட இரண்டு வருஷத்துக்கு மேல் கிடைத்தது. டெண்டர் போடுபவருக்குக் கிடைத்தது இரண்டு வாரம். இரண்டு வருஷ வேலையை இரண்டு வாரத்தில் சரிபார்ப்பது யாரால் ஆகும்? டெண்டர் போடும் ஒவ்வொருவரும் தனியாக இன்ஜினியர் வைத்து எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டால் அந்தச் செலவு யார் தலையில் விழும்? கடைசியில் ரோடு போடச் சொன்னவர் தலையில்தான்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "ஒப்பந்தச் சங்கிலி இருக்கிறதா?" என்பதல்ல. சங்கிலி எப்போதும் இருக்கும். "இந்த ஆள் இந்த ஆபத்திலிருந்து தன்னை ஒப்பந்தத்தால் காப்பாற்றிக்கொள்ள உண்மையிலேயே வழி இருந்ததா?" என்பதே கேள்வி. ஸ்பாண்டெக்குக்கு இருந்தது. எட்ஜ்வொர்த்துக்கு இல்லை.

இந்த அளவுகோலை வைத்தால் சில பேருக்குப் பிடித்த தீர்ப்பும் அடிபடும். ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் ஒரு தொழிற்சாலை. தரை போட்ட சப் காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்ததே உரிமையாளர் தரப்புதான். தரை வெடித்தது. மெயின் காண்ட்ராக்டரைத் தாண்டி நேராக சப் காண்ட்ராக்டரைப் பிடிக்கலாம் என்று 1982ல் பிரபுக்கள் சபை சொன்னது. ஜூனியர் புக்ஸ் என்று பெயர்பெற்ற வழக்கு. ஏழைக்கு இரங்கிய தீர்ப்பு போலத் தோன்றும். ஆனால் அங்கே ஏழை யார்? ஆளைத் தேர்ந்தெடுக்கும் பலம் இருந்த உரிமையாளர் "எனக்கு நேரடியாக ஓர் உத்தரவாதம் எழுதிக் கொடு" என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமே. அந்தத் தீர்ப்பை யாரும் முறைப்படி ரத்து செய்யவில்லை, பின்னால் வந்தவர்கள் மெதுவாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, கனமானதுதான். "வழி இருந்ததா" என்று கேஸுக்குக் கேஸ் விசாரித்தால் யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை எப்படிக் கணக்குப் போடுவது? சரி. ஆனால் நிச்சயம் என்ற பெயரில் எல்லா நஷ்டத்தையும் பேரம் பேச முடியாதவன் மேல் தள்ளிவிட்டு, அவனே சம்மதித்தான் என்று சொல்வது கணக்கு ஆகாது.

சட்டசபைகள் இதைக் கோர்ட்டுகளைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டன. சிங்கப்பூரில் 2004ல் வந்த கட்டுமானப் பணப் பாதுகாப்புச் சட்டம், "எனக்கு மேலேயிருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற ஷரத்தைச் செல்லாது என்றது. பணத் தகராறை வேகமாகத் தீர்க்க ஒரு முறையும் கொடுத்தது. சப் காண்ட்ராக்டர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அதன்படி முதலில் கேட்க வேண்டியது தனக்கு வேலை கொடுத்தவரைத்தான். அவர் கம்பெனியை இழுத்து மூடிவிட்டால்? தப்பான வரைபடத்தால் வேலையை இரண்டு தடவை செய்த சப் காண்ட்ராக்டர், வரைபடம் போட்டவர் வாசலில் மறுபடியும் அலட்சிய வழக்கோடுதான் நிற்க வேண்டும். அங்கே அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, ஒப்பந்தம் எங்கே என்பது.