பூசப்படாத முகப்பு

கசாக்ஸ்தானின் துர்கிஸ்தான் நகரில் சூஃபி ஞானி கோஜா அகமது யசாவியின் அடக்க மாளிகைக்கு முன்வாசல் வழியாகப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது வெறும் செங்கல். நீல ஓடுகளெல்லாம் பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும்தான். முகப்பில் மரக்கட்டைகளின் நுனிகள் இன்றும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கட்டச் சொன்ன தைமூர் 1405இல் இறந்தார். வேலை அன்றோடு நின்றது.

கசாக் மக்கள் போற்றும் அப்லாய் கான் உறங்குவது இங்கேதான். ஒருபுறம் ரஷ்யா, மறுபுறம் சீனத்தின் சிங் பேரரசு. இரண்டோடும் பேசி, இரண்டுக்கும் முழுதாகப் பணியாமல் தன் புல்வெளி மக்களைக் காத்தவர் அவர். 1993இல் கசாக்ஸ்தான் சொந்த நாணயம் வெளியிட்டபோது நூறு டெங்கே நோட்டில் அவர் முகம் இருந்தது. அப்படிப்பட்டவர் 1781இல் இறந்தபோது தனி மாளிகை எழும்பவில்லை. அதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முன் மறைந்த ஞானியின் காலடியில் ஓர் இடம், அவ்வளவுதான். வேறு கான்களும் போர்வீரர்களும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள்.

அந்த அடக்கத்துக்கு ஏற்ற வாசல் இந்தச் செங்கல் முகப்பு. அதில் யாரும் கைவைத்துவிடக் கூடாது.

கவலைக்குக் காரணம் உண்டு. 2018இல் துர்கிஸ்தான் மாகாணத் தலைநகரானது. அகலச் சாலைகள், விடுதிகள், சுற்றுலா வளாகங்கள் வேகமாக எழுந்தன. ஊருக்கு வருமானம் வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புதுமெருகு பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பழைய செங்கல் குறையாகத் தோன்ற அதிக நாளாகாது. பக்கத்திலேயே பாடம் நிற்கிறது. தைமூர் வம்சத்து இளவரசி ரபியா சுல்தான் பேகத்தின் அடக்க மாளிகை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடிக்கப்பட்டது. 1980இல் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். நேர்த்தியான வேலை. ஆனாலும் பழைய கொத்தரின் கை அதில் இல்லை.

சரியாகச் செய்த காரியமும் இங்கே உண்டு. யசாவி மாளிகை நடுக்கூடத்தின் குவிமாடத்தடியில் இருப்பது 1399இல் வார்த்த வெண்கலக் கொப்பரை; எடை இரண்டு டன். தொழுகைக்கு வருவோருக்குத் தண்ணீர் வழங்கிய பாத்திரம். 1935இல் அதை லெனின்கிராடின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1989இல்தான் திரும்பியது. கொப்பரையைப் பழைய இடத்தில் வைத்தார்கள். கூடம் மறுபடி கூடமானது. முகப்புக்கும் இதே பரிவு போதும்: ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும், கட்டை நுனிகளை அறுக்காமல் விடட்டும்.