தூர் வாரத் தெரியாதவன் கிணத்தை மூடச் சொன்னானாம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்ட பதிவு இது. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க.

நியூ ஜெர்சியில நாங்க வாங்கின வீட்டுக்குப் பின்னாடி ஒரு நீச்சல் குளம் இருக்கு. தரையில பள்ளம் தோண்டிக் கட்டுறது இல்ல. தரைக்கு மேல வட்டமா தகரச் சுவர் நிறுத்தி, உள்ள வினைல் விரிப்பு போட்டு தண்ணி ரொப்புற ரகம். (இங்கிலீஷ் பேரை அப்படியே தமிழ்ல எழுதினா கெட்ட வார்த்தை ஆயிடும், அதனால குளம்னே வெச்சுக்குவோம் :-)) 24 அடி விட்டம், 52 அங்குல சுவர். பழைய வீட்டுக்காரர் போட்டு இருபது வருஷம் ஆச்சாம். வாங்கும்போதே தண்ணி பாசிப் பச்சை, மேல் விளிம்பெல்லாம் துரு, விரிப்பு வெளுத்துப் போய் ரெண்டு இடத்துல ஒட்டுப் போட்டிருந்துச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்சுது அறிவுரை மழை. "என்னப்பா, இன்னும் அந்தத் தகர டப்பாவை வெச்சுக்கிட்டு இருக்கே? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு" - இது நண்பர். "அவங்க வீட்ல எல்லாம் எவ்ளோ அழகா இருக்கு, நம்ம வீட்லதான் இப்படி" - இது தங்கமணி. நாலு காண்டிராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு பேரும் ரெண்டு நிமிஷம் சுத்திப் பார்த்துட்டு ஒரே பதில்: கழட்டி எறி, புதுசு போடு. கேட்ட தொகையில குறைஞ்சது 8,200 டாலர்.

நான் கேக்கறேன், ஊர்ல கிணத்துல சேறு சேர்ந்தா என்ன செய்வோம்? கோடையில தண்ணி வத்தினதும் ஆளை இறக்கி தூர் வாருவோம். கிணத்தை மூடிட்டு பக்கத்துல புதுசா வெட்டுனு எவனாவது சொன்னா ஊரே சிரிக்கும். அமெரிக்கா வந்ததும் அந்த புத்தி எங்க போச்சு?

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் குளத்துல பழசாகறது எது? விரிப்பு பழசாகும். அது பழசாகத்தான் போகுது, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டிய பொருள் அது. ரப்பர் வாஷர் பழசாகும். ஃபில்டர் மணல் பழசாகும். இதெல்லாம் செருப்புக்கு அடி மாத்தற மாதிரி. உண்மையில குளத்தோட உயிர் சுவர்லதான் இருக்கு. நாலடி ஆழத்துக்கு தண்ணி நிரப்பினா சுமார் 13,500 கேலன், அதாவது ஏறக்குறைய 51 டன். முப்பது காரோட எடை! அதைத் தாங்கறது ஒரு மெல்லிய தகடு. எப்படித் தாங்குது? பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்ட மாதிரி, வட்டமா சுத்தி இழுத்துப் பிடிச்சு நிக்குது. அதனால கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்தப் பட்டை நல்லா இருக்கா?

அதை எங்க பார்க்கணும்? தண்ணியை உறிஞ்சற ஸ்கிம்மர் ஓட்டையைச் சுத்தி. தண்ணி திரும்பி வர்ற ஓட்டைக்குக் கீழே. சுவரோட ரெண்டு முனையும் சேர்ந்து போல்ட் போட்ட இடத்துல. அடியில, மண்ணோட ஒட்டற வரிசையில. இந்த இடங்கள்ல ஸ்குரூ டிரைவரால அழுத்திப் பாருங்க. உள்ள போச்சுன்னா, அதுவும் போல்ட் வரிசையிலயோ அடி முழுக்கவோ தகடு அரிச்சிருந்தா, சத்தியமா தூக்கிப் போடுங்க. நான் அங்க சென்டிமென்ட் பேச மாட்டேன். 51 டன் தண்ணி ஒரே நேரத்துல வெளிய வந்தா பக்கத்துல நிக்கற குழந்தை என்ன ஆகும்? ஆனா மேலாப்புல துரு, பெயிண்ட் உரிஞ்சது, மேல் விளிம்பு ஒண்ணு வளைஞ்சது - இதெல்லாம் அழகுப் பிரச்சினை. வந்த நாலு பேர்ல ஒருத்தர் கையில கூட ஸ்குரூ டிரைவர் இல்லங்க!

இதை விடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. குளத்துல பழைய ஏணி ஒண்ணு, வெளிய இருந்து உள்ள ஏறி இறங்கற மாதிரி. பூட்டு இல்ல, மடக்க முடியாது. எந்த வாண்டும் ஏறிடலாம். பம்ப் வேற சுவரை ஒட்டி வெச்சிருந்தாங்க, அதுவே ஒரு படிக்கட்டு. அமெரிக்காவுல 1 முதல் 4 வயசு வரை உள்ள குழந்தைங்க சாகறதுக்கு முதல் காரணம் தண்ணியில மூழ்கறதுதான். புதுசு போடச் சொன்ன நாலு நிபுணர்களும் துருவைப் பத்திப் பேசினாங்க, கலரைப் பத்திப் பேசினாங்க. ஏணியைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறக்கல. பம்புக்கும் சுவருக்கும் போக வேண்டிய செப்புக் கம்பி அறுந்து கிடந்தது. மின்சாரம் கசிஞ்சா உலோகம், தண்ணி எல்லாத்தையும் ஒரே மின்னழுத்தத்துல வெச்சு ஆளைக் காப்பாத்தற கம்பி அது. அதையும் யாரும் குனிஞ்சு பார்க்கல. ஏன்னா ஏணியில லாபம் கம்மி, கம்பியில லாபமே இல்ல.

"அப்ப கடையில போய் சின்னதா ஒண்ணு புதுசா வாங்கிடேன், 500 டாலர்தானே"ன்னு ஒரு கோஷ்டி. அவங்களுக்கும் சேதி இருக்கு. கம்பிக்கால் வெச்ச, துணிச்சுவர் குளங்கள்ல 48 அங்குலமும் அதுக்கு மேலயும் உயரமானவை சுமார் 50 லட்சத்தை 2025 ஜூலையில அமெரிக்காவுல திரும்ப அழைச்சாங்க. 2002-ல இருந்து வித்தது. என்ன குறை? காலைச் சுத்தி வெளிப்பக்கமா ஒரு பட்டை போகுது, குழந்தைங்க அதுல கால் வெச்சு ஏறிடுச்சு. ஒன்பது குழந்தைங்க போயிருக்கு. புதுசுன்னா பத்திரம்னு யாருங்க சொன்னா?

அடுத்து மருந்துக் கடை. இலவசமா தண்ணி சோதிச்சுத் தர்றோம்னு போர்டு. பாட்டில்ல தண்ணி கொண்டு போனேன். கம்ப்யூட்டர் ஒரு சீட்டு துப்பிச்சு, அதுல ஆறு பாக்கெட், 180 டாலர். ரெண்டு வாரம் கழிச்சுப் போனேன், இன்னொரு சீட்டு. தண்ணி மட்டும் பச்சையாவே இருந்துச்சு.

காரணத்தை நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கடையில விக்கற குளோரின் மாத்திரை ட்ரைகுளோர். அதுல குளோரினோட சயனூரிக் அமிலமும் சேர்ந்து வருது. வெயில்ல குளோரின் அழியாம இருக்க அது கொஞ்சம் வேணும்தான். ஆனா குளோரின் செலவாகும், அந்த அமிலம் அப்படியே தங்கிடும். மாத்திரையால 10 பிபிஎம் குளோரின் ஏறினா கூடவே 6 பிபிஎம் அமிலம் ஏறும். தினம் 2 பிபிஎம் குளோரின் செலவானா 50 நாள்ல 60 பிபிஎம் அமிலம். அது ஏற ஏற குளோரின் கை கட்டி நிக்கும், பாசி கும்மியடிக்கும். உடனே கடைக்காரர் பாசி மருந்து விப்பார். அதுக்கு மேல இன்னொரு மருந்து. நோயும் அவர் கடையிலதான், வைத்தியமும் அவர் கடையிலதான். பாதி தண்ணியை இறக்கிட்டு நல்ல தண்ணி விட்டா அமிலம் பாதியாயிடும்னு அந்தச் சீட்டுல ஒரு நாளும் வந்ததில்ல.

இன்னொண்ணு கேளுங்க. "ஆல்கலினிட்டி இன்க்ரீசர்"னு பெரிய பேரோட விக்கறது வேற ஒண்ணுமில்ல, நம்ம ஆப்ப சோடா. மளிகைக் கடையில மூட்டையா கிடைக்குது. வாசனை சேர்க்காத சாதா துணி பிளீச்சும் குளத்துக்கு ஊத்தற திரவ குளோரினும் ஒரே சோடியம் ஹைப்போகுளோரைட்தான், வீரியம்தான் வேற. சொட்டு எண்ணிப் பார்க்கற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கினேன். அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல.

போன வருஷம் மே மாசம், நானும் ரெண்டு நண்பர்களும் இறங்கினோம். தண்ணியை இறக்கி, பழைய விரிப்பை அறுத்து எடுத்து, சுவரைத் தேய்ச்சு துரு பெயிண்ட் அடிச்சு, அடிமணலைச் சமன் பண்ணி, சுவரும் தரையும் சேர்ற மூலையில வளைவா ஃபோம் வெச்சு, வெயில் ஏறின பிறகு புது விரிப்பு. ஒரு தப்பு பண்ணிட்டோம், மறைக்க மாட்டேன். மேல் விளிம்பு எல்லாத்தையும் ஒரேடியா கழட்டிட்டோம், அப்பன்னு பார்த்து காத்து அடிச்சது. தண்ணி இல்லாத தகரச் சுவர் பட்டம் மாதிரி ஆடுது! மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் நின்னோம். தங்கமணி வந்து "என்னங்க, குளத்தைக் கும்பிடறீங்களா?"ன்னு கேட்டாங்க. நீங்க செஞ்சா காத்தில்லாத நாளாப் பாருங்க. தண்ணி இல்லாம ராத்திரி விட்டுடாதீங்க. ஸ்கிம்மர் ஓட்டையை, தண்ணி அதுக்குச் சில அங்குலம் கீழ வரைக்கும் ஏறின பிறகுதான் அறுக்கணும். முன்னாடியே அறுத்தா விரிப்பு இழுபட்டு வீணாயிடும்.

செலவுக் கணக்கு: விரிப்பு 430, ஃபோம் 110, மணல் பெயிண்ட் 90, ஸ்கிம்மரும் வாஷரும் 70, பூட்டற கதவு வெச்ச ஏணி 300, செப்புக் கம்பி இழுத்துச் சரி பண்ணின எலக்ட்ரீஷியன் 400. மொத்தம் 1,400 டாலர். பம்பைச் சுவரை விட்டுத் தள்ளி வெச்சேன், அதுக்குச் செலவே இல்ல.

"உன் நேரத்துக்கு விலை இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. ரெண்டு வார இறுதி போச்சு. அதுக்குப் பதிலா என் குளம் எதால நிக்குது, எதால விழும்னு எனக்குத் தெரியும். 8,200 கொடுத்திருந்தா குளம் புதுசாயிருக்கும், நான் அதே முட்டாளா இருந்திருப்பேன். அடுத்த சீட்டுக்கும் தலையாட்டியிருப்பேன். நம்மாளுங்க கிட்ட எனக்குக் கோபமே இதுலதான். ஆபீஸ்ல ஆயிரம் வரி கோட்ல பிழை கண்டுபிடிக்கற புத்திசாலிங்க, வீட்டுக்கு வந்தா ஒரு வாஷரைக் கழட்டிப் பார்க்க மாட்டேங்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான்னு புதுசு வாங்கறாங்க. பார்க்கட்டுமே! எங்க வீட்டுத் தண்ணி அடி மண் தெரியற மாதிரி இருக்கு. பொண்ணு அதுல நீந்தக் கத்துக்கிட்டா. மேல் விளிம்புல இன்னும் கொஞ்சம் துரு இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும்.

தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கிட்டு குளத்தை ஒரு சுத்து சுத்தி வாங்க. முதல்ல ஏணியைப் பாருங்க.

டிஸ்கி: பிளீச்சையும் அமிலத்தையும் ஒண்ணாக் கலக்காதீங்க, விஷவாயு வரும். ட்ரைகுளோரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே டப்பாவுல போடாதீங்க, தீப்பிடிக்கும். கரண்ட் வேலையை மட்டும் லைசன்ஸ் உள்ளவர்கிட்ட விடுங்க. வீராப்புக்கும் ஒரு அளவு உண்டு :-)