பைரவியா, மாஞ்சியா?

மார்கழியில் மாலைக் கச்சேரி கேட்டுவிட்டு வந்து, மோர் சாதம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், ரசிகாஸ் என்ற கர்நாடக இசை இணைய மன்றத்தில் யாரோ ஒருவர் பாட்டுப் பட்டியலைப் போட்டிருப்பார். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர். பக்கத்தில் ஆர், என், எஸ் என்று ஒற்றை எழுத்துகள்: ராக ஆலாபனை, நிரவல், ஸ்வரம் உண்டு என்று அர்த்தம். படம் கிடையாது. பழகிய ரசிகருக்கு அந்த எழுத்துகளே போதும், எங்கே கச்சேரி களைகட்டியது, எங்கே பாதி சபை கேன்டீனுக்கு எழுந்து போயிருக்கும் என்று புரிந்துவிடும். பிறகு தொடங்கும் சண்டை. பாடிய ராகம் பைரவியா, மாஞ்சியா? மயிலாப்பூர் மாமாவுக்கு நியூஜெர்சியிலிருந்து பதில் வரும். முகம் தெரியாததால் வயசும் பட்டமும் எடுபடாது, காதுதான் பேச வேண்டும். இதே சண்டையை வாட்ஸப்பில் போட்டால் காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு அடியில் மறுநாளே புதைந்துவிடும். எழுத்து மன்றத்தில் பழைய இழையைத் தேடி எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கும் ஆயுள் உத்தரவாதம் இல்லைதான். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழர்கள் விடிய விடிய எழுதிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மொத்தமாக மூடப்பட்டன. அதனால் எனக்குப் பிடித்த மாஞ்சிச் சண்டை ஒன்றை அச்செடுத்து, பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இன்னும் தீர்ப்பு வரவில்லை.