சாவியைத்தான் கொடுத்தோம், உரிமையை அல்ல!

தோழர்களே!

மும்பையில் டாக்சி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்களிடமிருந்து ஓயாமல் வரும் முறையீடு ஒன்று உண்டு. கம்பெனி டீலரிடம் சர்வீசுக்கு விட்ட வண்டி சேதத்தோடு திரும்பி வருகிறது என்பதே அது. கதவில் கீறல், பம்பரில் நசுங்கல் என்றால் கண்ணுக்காவது தெரியும். ஆயில் மாற்றியவர் அடியிலுள்ள போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட, வழியெல்லாம் ஆயில் வடிந்து எஞ்சினே பிடித்துக்கொண்டால்? ஓட்டாத நாளுக்குக் கூலி கிடையாது. பேங்குத் தவணையோ ஒரு நாளும் நிற்காது.

போய்க் கேட்டால் என்ன பதில்? "அது முன்பே இருந்தது" என்பார்கள். இல்லாவிட்டால் நாம் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டைத் திருப்பிக் காட்டி, "ஓனர்ஸ் ரிஸ்க் என்று அச்சடித்திருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்பார்கள். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்ததை நம் டிரைவர் எங்கே படித்தார்?

ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்கு இந்த 'ஓனர்ஸ் ரிஸ்க்' புதிய சொல் அல்ல. சொந்தக்காரர் பொறுப்பில் புக் செய்த சரக்கானாலும், ஊழியரின் கவனக்குறைவோ முறைகேடோ நிரூபிக்கப்பட்டால் ரயில்வே நஷ்டஈடு தந்தாக வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 97-ஆம் பிரிவு. நாடு முழுவதும் சரக்கு ஏற்றும் ரயில்வேயே இந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு ஷோரூம் முதலாளி மட்டும் ஒளிந்துகொள்வாராம்! இது என்ன நியாயம்?

பழுது பார்க்கக் கொடுத்த பொருள், கொடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள். விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிப் பேணுவாரோ அப்படி அதைப் பேண வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்; இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் சட்டம் இருந்து என்ன பயன், கையில் சான்று இல்லாவிட்டால்? பார்சல் ஆபீசைப் பாருங்கள். மூட்டை கிழிந்திருந்தால் 'கிழிசல்' என்றும், நனைந்திருந்தால் 'நனைவு' என்றும் குறிப்பு எழுதிய பிறகே குமாஸ்தா பொறுப்பேற்பார். நாளைக்குப் பழி தன் தலையில் விழக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. அந்த முன்ஜாக்கிரதைதான் நமக்கும் வேண்டும். சாவியைக் கொடுக்கும் முன் வண்டியைச் சுற்றிவந்து, இருக்கும் கீறல்களையும், ஓடிய கிலோமீட்டரையும், பெட்ரோல் அளவையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். திரும்ப எடுக்கும்போது கேட்டைத் தாண்டுமுன் மறுபடி சுற்றிவாருங்கள். வண்டியைப் பார்க்காமல் 'திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேதம் தெரிந்தால், ஆத்திரத்தில் பில் கட்ட மறுத்து வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள அதே ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. 'சேதம் கண்டு ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதிக் கட்டுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் எழுதுங்கள்; தமிழில் எழுதியதும் எழுத்துத்தான். பிறகு டீலருக்கு ஒரு கடிதம், வண்டிக் கம்பெனிக்கு ஒரு நகல். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். "உங்கள் இன்சூரன்சில் கிளெய்ம் போட்டு இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று சிரித்துப் பேசுவார்கள். இலவசமா அது? கிளெய்ம் வாங்காமல் ஓட்டியதற்காகச் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறிவரும் கழிவு நம் கையை விட்டுப் போய்விடும். அவர்கள் செய்த சேதத்துக்கு நம் பணம்! கூடாது என்று சொல்லுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வண்டியை இடித்த பையன் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்து, அற்பக் கூலிக்கு, ஒரு நாளில் இத்தனை வண்டி என்ற நெருக்கடியில் வேலை செய்பவன். அவன்மேல் பாயாதீர்கள். பில் வாங்குவது முதலாளி, பொறுப்பும் முதலாளியுடையது. அவன் சம்பளத்தில் பிடித்து நமக்குத் தருவதாகச் சொன்னால், அந்தப் பணம் நமக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வோம்.

டீலர் மசியவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஊருக்குப் போகும் வழியில் வேறு நகரத்தில் சர்வீசுக்கு விட்டிருந்தாலும் சரி. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 3 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடப்பில் இழுக்கும். இழுக்கும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

"டாக்சி வியாபார வண்டி, நீ நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்காகத் தானே வாங்கித் தானே ஓட்டுபவரின் வண்டி வணிக நோக்கத்தில் சேராது என்பது சட்டத்திலேயே உள்ள விளக்கம். சொந்த ஆட்டோவைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் போட்டு ஓட்டுபவர் கதை வேறு.

ஷோரூமின் கண்ணாடிக் கதவையும், ஏ.சி.யையும், கழுத்துப்பட்டையையும் கண்டு நம்மவர் தயங்கி நிற்கிறார். தனியாகப் போவதால்தான் அந்தத் தயக்கம். இனி ஒருவர் வண்டி சேதமானால் சங்கத்திலிருந்து இருவர் உடன் போவோம். ஜாப் கார்டைப் படித்துச் சொல்வோம். கடிதம் எழுதித் தருவோம். அடுத்த சர்வீசுக்கு முன் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள், தோழர்களே! நம் உழைப்பில் வாங்கிய வண்டிக்கு அதுதான் காவல்.