“கவுன்சிலிங் போனோம், பிரயோசனம் இல்ல”



ஊரில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். மனச்சோர்வில் இருப்பவரை ஒரு தடவை கூட்டிப் போகிறோம், சரிவரவில்லை என்றால் அதோடு விட்டுவிடுகிறோம். பேசுவதால் எந்த வருத்தம் சுகமாகும் என்று முடிவும் கட்டிவிடுகிறோம்.

கணிதம் ஒரு சேரிடம் விளங்காவிட்டால் பிள்ளையின் படிப்பை நாம் நிறுத்துவதில்லை. சேரை மாற்றுகிறோம். இதுவும் அப்படித்தான்.

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணிப்பெண்கள் போனார்கள். இரண்டு பிரிவு, இரண்டுக்கும் ஒரே அளவு தடவைகள். ஒரு பிரிவுக்குப் போனவர்கள் மட்டும் பேச்சுச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள், மேற்பார்வையும் இருந்தது. பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் சந்தித்த தாய்மாரில் 23 சதவீதமானோருக்கே மனச்சோர்வு இருந்தது. மற்றப் பிரிவில் 53 சதவீதம்.

அந்தப் பணிப்பெண்கள் டாக்டர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்லர். ஆகவே பெரிய பட்டம் இருந்தால்தான் முடியும் என்பதில்லை. நல்ல மனம் மட்டும் போதும் என்பதும் இல்லை. இது படித்துப் பழக வேண்டிய தொழில்.

நம்மிடம் யாராவது மனம் விட்டால் உடனே என்ன சொல்கிறோம்? “ஸபுர் செய்ங்க, யோசிக்காதீங்க, உங்களுக்கு என்ன குறை?” நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவருடைய வாய் அதோடு மூடிவிடுகிறது. திறமையுள்ள உளவளத்துணையாளர் முதலில் கேட்பார். கேட்டதை அமானிதமாக வைத்திருப்பார். சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, அடுத்த சந்திப்புக்குள் எதைச் செய்து பார்க்கலாம் என்று நோயாளியோடு சேர்ந்தே தீர்மானிப்பார். சுகம் தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார், தெரியாவிட்டால் வழியை மாற்றுவார்.

ஆகவே பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ இந்தப் பொறுப்புக்கு ஆள் தேடும்போது, நன்றாகப் பயான் பண்ணுகிறார் என்பதற்காகத் தெரிவு செய்யாதிருப்போம். என்ன பயிற்சி பெற்றார், யார் மேற்பார்வை செய்கிறார் என்று கேட்போம். சிகிச்சைக்குப் போகிறவர்களும் நாலைந்து தடவை போய்ப் பார்ப்போம். உதவவில்லை என்றால் அவரிடமே சொல்வோம், தேவைப்பட்டால் ஆளை மாற்றுவோம். டாக்டர் தந்த மருந்தை நாமாக நிறுத்த வேண்டாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 1926க்கு அழையுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.