கூலிக்கு அத்தாட்சி எங்கே?

சாலை விபத்தில் நம்மவர் ஒருவர் மாண்டுவிட்டால், காரியம் முடிவதற்குள்ளாகவே வீட்டுக்கு ஆள் வந்துவிடுகிறது. "ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும்மா. கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும்" என்கிறார்கள். ஏதோ தர்மம் கொடுப்பதுபோலப் பேச்சு. வழக்கு இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் கொடுக்கச் சொல்ல டிரிப்யூனலுக்கு அதிகாரம் உண்டு என்பதை வந்தவர் சொல்வதில்லை. நஷ்ட ஈட்டுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதையும் சொல்வதில்லை.

அந்தக் கணக்கை உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்திருக்கிறது. தாராவியிலிருந்து சுமை தூக்கப் போகும் 35 வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதக் கூலி 15,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என நால்வர் அவரை நம்பியிருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டவர் ஆகையால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கு கழியும்: 15,750. வருஷத்துக்கு 1,89,000. அவர் வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 30,24,000 ரூபாய்.

இதற்கு மேல் இறுதிச் சடங்குக்கு 15,000, சொத்திழப்புக்கு 15,000, துணையை இழந்த மனைவிக்கு 40,000. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இந்த 40,000 தனித்தனியே உண்டு என்று 2018-ல் தீர்ப்பானது. இந்தத் தொகைகள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் உயரும். வண்டியோட்டியின் கவனக்குறைவை நிரூபித்தால் கிடைக்கக்கூடியது இவ்வளவு. ஒரு லட்சத்துக்குக் கைநாட்டு வைத்த குடும்பம் இழந்தது எவ்வளவு என்று வாசகர்களே கழித்துப் பார்க்கட்டும்.

ஆனால் கணக்கு முழுவதும் முதல் எண்ணின் மேல்தான் நிற்கிறது. ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நிரந்தர வேலை என்பதால், நாற்பதுக்கு உட்பட்டவராயின் 50 சதவீதம் கூட்டுகிறார்கள். கூலிக்காரருக்கு 40 போதும் என்று யார் கண்டது? அவர் வீட்டு அரிசி விலை மட்டும் மெதுவாக ஏறுகிறதா? அது கிடக்கட்டும். அந்த 15,000-க்கே அத்தாட்சி எங்கே என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்கிறார். முகாதம் கையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்கு ஏது சீட்டு? கூலி 8,000 என்று டிரிப்யூனல் வைத்துவிட்டால், அதே மனிதருக்கு 30,24,000 என்பது 16,12,800 ஆகிவிடும். ஒரு துண்டுச் சீட்டு இல்லாத குறைக்கு 14 லட்சத்துக்கு மேல் நஷ்டம்.

மாண்டது வீட்டில் இருந்த பெண் என்றால், "வருமானமே இல்லையே" என்பார்கள். அதையும் ஒப்பக்கூடாது. இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமானம் கணக்கிட வேண்டும், வருங்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இன்னும் சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். விபத்து மும்பையில் நடந்தாலும், ஊருக்குத் திரும்பிய மனைவி திருநெல்வேலியிலேயே மனுப் போடலாம். மனுதாரர் குடியிருக்கும் இடத்து டிரிப்யூனலுக்கு அந்த அதிகாரம் உண்டு. 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் ஆறு மாதக் கெடு எழுதியிருக்கிறார்கள். அதை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே 5 லட்சம் பெற 164-வது பிரிவு இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் பெரிய மனு இறந்துவிடும். இடித்த வண்டி இன்னதென்றே தெரியாவிட்டால் 2 லட்சம் உண்டு. எதற்கும் எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். கிடைப்பதில் இத்தனை சதவீதம் பங்கு என்று வக்கீல் பேசினால் மறுத்துவிடுங்கள். அப்படிப் பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம்.

கூலிச் சீட்டு கொடுக்காத முதலாளியை விட்டுவிட்டு, விதவையிடம் அத்தாட்சி கேட்பது என்ன நியாயம்? சீட்டு இல்லாததன் பாரம் கொடுக்க வேண்டியவன் தலையில் விழ வேண்டும் என்று அரசைக் கேட்போம். அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். கூலியை முடிந்தவரை பாங்கில் போடச் சொல்லுங்கள். முடியாதவர்கள் ஒரு நோட்டில் மாதந்தோறும் தொகை எழுதி முகாதமிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இந்த மாதக் கூலியிலிருந்தே தொடங்குங்கள்.